சும்மா வந்தவர்கள்

காலையில் எழுந்ததும் இடது மணிக்கட்டை வலது கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது எங்கள் புதுக்கரையில் பல் துலக்குவதற்கு முந்தைய வேலை. வலி இல்லையென்றால் அடுப்பைப் பற்ற வைக்கலாம், செய்தி பார்க்கலாம். வலி இருந்தால் அன்றைய நாள் கொஞ்சம் கோணலாகத்தான் ஓடும். அந்த வாரம் எனக்கு நான்கு நாளாகத் தொடர்ந்து வலி. பெரிய வலி என்று சொல்ல முடியாது. இரண்டு வாளித் தண்ணீரை ஒரே கையில் மாடிக்குத் தூக்கிப் போன மறுநாள் இருக்குமே, அந்த மாதிரி. ஆனால் நான் எந்த வாளியையும் தூக்கவில்லை. எங்கள் தெருவில் பதினான்கு வயதிலிருந்து இருபத்தொன்றுக்குள் இருக்கும் யாரோ ஒரு பிள்ளை எதையோ தூக்கிக்கொண்டிருந்தது. அதில் ஏழில் ஒரு பங்கு என் கைக்கு வந்திருந்தது.

இந்தத் திட்டம் இன்னும் வந்து சேராத ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பிள்ளைகள் கையில் ‘காப்பு’ என்று ஒரு வளையம் இருக்கும். தூக்கம், நாடித் துடிப்பு, சாப்பாடு, வியர்வையில் இருக்கும் உப்பு, பேச்சின் வேகம் எல்லாவற்றையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். உடம்போ மனசோ தாங்க முடியாத இடத்துக்குப் போகிறது என்று தெரிந்தால், அதே தெருவில் இருக்கும் பெரியவர்கள் ஏழு பேருக்கு அந்தப் பாரத்தைப் பிரித்து அனுப்பும். எங்கள் மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் கடுகளவில் ஒரு ‘நோவுமணி’ வைத்திருக்கிறார்கள். அது வலிக்கும். மிகவும் கூடிப்போனால்தான் டாக்டருக்கும் கவுன்சிலருக்கும் தகவல் போகும். அதுவரைக்கும் தெருவின் பொறுப்பு.

ஆரம்பத்தில் அந்த ஏழு பேருக்குப் ‘பங்காளி’ என்று பெயர் வைத்தார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து யாரோ யோசித்த பெயர். வலியில் பங்கு எடுப்பவர் பங்காளி, இலக்கணப்படி சரிதான். ஆனால் எங்கள் பக்கம் பங்காளி என்றால் ஒரு சாண் சுவருக்காக இருபது வருடம் கோர்ட்டுக்கு அலைகிறவன். ‘இருக்கிற பங்காளியே போதும், எம்பிள்ளைக்கு இன்னும் ஏழா?’ என்று ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை. பிறகு ‘தாங்குநர்’ என்று மாற்றினார்கள். வாயில் நுழையாத சொல்தான், ஆனாலும் யாரும் சண்டைக்கு வரவில்லை.

யாருடைய வலி என்று தாங்குநருக்குச் சொல்லமாட்டார்கள். சோதனைக்காக ஓர் ஊரில் சொல்லிப் பார்த்தார்களாம். ஏழு பேரும் ஒரே வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு புத்திமதி சொல்லி, அந்தப் பிள்ளையைப் படுக்கையில் தள்ளிவிட்டார்கள். சொல்லாவிட்டால் வேறு வழியில்லை, தெருவில் இருக்கும் நாற்பத்தொரு பிள்ளைகளையும் நாம் கவனித்துப் பார்த்தாக வேண்டும். பெற்றவர்களுக்கும் இரத்த உறவுக்கும் அந்தப் பிள்ளையின் வலி போகாது. போகும் என்று தெரிந்தால் எல்லாப் பிள்ளைகளும் காப்பைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிடும். வலிக்கிற தாங்குநர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குக் கையேட்டில் ஒரே ஒரு வரி உண்டு: ‘காரணமற்ற வருகை.’ எந்தப் பிள்ளை என்று நமக்குத் தோன்றுகிறதோ அந்த வீட்டுக்குப் போக வேண்டும், ஆனால் ஏன் வந்தோம் என்று சொல்லக் கூடாது. நாங்கள் அதைச் ‘சும்மா போறது’ என்போம்.

என் பெயர் லிங்கதுரை. பெண்கள் கபடிக்குப் பயிற்சியாளர். கடல் பழைய தெருக்களை எடுத்துக்கொண்ட பிறகு, தூத்துக்குடிக்கு மேற்கே கட்டிய இந்தப் புதுக்கரையில் என்னை எல்லோருக்கும் மாஸ்டர் என்றால்தான் தெரியும். மனைவி சுயம்புக்கனி மன்னார் வளைகுடாவில் காற்றாலைக் கோபுரத்தில் வேலை. ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் கரைக்கு வருவாள். வீட்டில் நானும் மகள் நித்திலாவும். பதினேழு வயது. அவள் கபடி ஆடமாட்டாள், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. சத்தமில்லாத பிள்ளை, நல்ல கையெழுத்து.

அந்த வாரம் மாவட்ட அணிக்கான தேர்வு. எங்கள் பகுதியிலிருந்து நான்கு பெயரை நான்தான் எழுதி அனுப்ப வேண்டும். சனிக்கிழமை காலையில் ஆடவைத்துப் பார்த்து, மதியம் அனுப்ப வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் என் வீட்டுக் கதவு ஓயாது. நான் சிபாரிசுக்கு மசிகிற ஆள் இல்லை என்று தெரிந்தும் வருவார்கள்.

திங்கட்கிழமை மாலை பொன்மாரி வந்தாள். கடல்பாசிப் பண்ணையில் வேலை பார்ப்பவள். அவளுடைய அக்கா மகள் தேர்வில் நிற்கிறாள். கையில் மூடி போட்ட பாத்திரம்.

“சும்மாதான் வந்தேன் அண்ணாச்சி. பாசி அல்வா கிண்டினேன். நித்திலா இல்லையா?”

“இருக்கா. அல்வா எதுக்கு?”

“எதுக்கா? திங்கத்தான்.”

“பொன்மாரி, ஆட்டம் சனிக்கிழமை. அல்வா கிண்டுனா ஆட்டம் வராது. எடுத்துட்டுப் போ.”

அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குள் ஒரு சின்னப் பெருமை. நேர்மைக்காரன் என்று ஊர் சொல்லும்.

செவ்வாய்க்கிழமை அருளப்பன் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவர் பேத்தியும் தேர்வில் இருக்கிறாள். சட்டைப் பட்டன் அறுந்துவிட்டதாம், ஊசியில் நூல் கோத்துத் தர நித்திலா வேண்டுமாம். கோத்துக் கொடுத்தாள். பட்டன் தைத்து முடித்த பிறகும் மனுஷர் எழுந்திருக்கவில்லை. நான் பார்க்கவில்லை என்று நினைத்து, இன்னொரு பட்டனைத் தானே பிய்த்தார். அதற்கும் நூல் கோத்தாள். ஒரு மணி நேரம் இருவரும் பேசாமல் ஆளுக்கொரு பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். பேத்திக்காக இந்த வயதில் இவ்வளவு நடிப்பா என்று எனக்கு எரிச்சல். ‘அண்ணே, வீட்ல தேடுவாங்க’ என்று எழுப்பி அனுப்பினேன்.

புதன்கிழமை காலை ரமீஸா டீச்சர். கடல் சுவர் வரைக்கும் நடக்கப் போகிறேன், துணைக்கு நித்திலா வருவாளா என்று கேட்டார். அவர் மகள் என் அணியில் பிடிப்பதற்கு நிற்பவள். ‘அவளுக்குப் படிப்பு இருக்கு டீச்சர்’ என்று நானே பதில் சொல்லிவிட்டேன். நித்திலா கதவோரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு பேர். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“எம்மா, உன் கையெழுத்துல ஒரு போர்டு எழுது. சனிக்கிழமை வரைக்கும் யாரும் இந்த வீட்டுக்கு வர வேண்டாம்னு.”

“யாருமேவாப்பா?”

“யாருமே.”

அழகாக எழுதினாள். ‘வேண்டாம்’ என்பதை மட்டும் கொஞ்சம் சிறியதாக எழுதியிருந்தாள். நான் அதை எடுத்து வாசலில் மாட்டினேன்.

இதற்கிடையில் என் கை வலி குறையவில்லை. அதைப் பார்க்காமல் விடுகிறவனும் இல்லை நான். மைதானத்தில் என் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கவனித்தேன். முட்டியில் ஒரு பெண் கை வைத்தால் எந்தத் தசைநார் என்று சொல்லிவிடுவேன். அதுதான் என் தொழில். பிரின்சியிடம் ஏதோ சரியில்லை. எங்கள் அணியிலேயே வேகமாகப் பாடி வருகிறவள், இந்த வாரம் கோட்டைத் தொட்டுத் திரும்ப அரை நொடி தாமதிக்கிறாள். தண்ணீர் குடிக்க எல்லோரும் போனால் இவள் மட்டும் கோட்டுக்குள்ளேயே நிற்கிறாள். வியாழக்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் போனேன்.

பிரின்சியின் அம்மா ரோசாலி பின்வாசலில் உட்கார்ந்து கணவாய் மீன் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க மாஸ்டர். என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன். பிரின்சி இருக்காளா?”

ரோசாலியின் கத்தி நின்றது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு ஒரு மனைப்பலகையை என் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

“நான் ஒண்ணும் கேக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீய. உக்காருங்க, காப்பி போடுதேன். நீங்க மூணாவது ஆளு.”

“எதுல மூணாவது?”

“சும்மா வந்ததுல.”

நான் அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

“இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேணும் மாஸ்டர்? சோலியா வார ஆளு வாசல்லயே சொல்லிட்டுப் போயிரும். சும்மா வார ஆளு முதல்ல பிள்ளையைக் கேக்கும். பெறவு உக்கார எடம் தேடும். போவச் சொன்னாலும் எதையாவது சாக்கு வச்சு இருக்கும். நேத்து வந்த ஆளு எங்க வீட்டுச் சுவர்க் கடியாரத்தை ரெண்டு மட்டம் கழட்டி மாட்டிட்டுப் போனாரு. அது நல்லாத்தான் ஓடிட்டு இருந்துது.”

என் கண்ணுக்கு முன்னால் அருளப்பன் இன்னொரு பட்டனைப் பிய்த்தார்.

“மாஸ்டர்? என்னாச்சு, வேர்க்குது?”

“அந்த ஆளுகளை நீ என்ன செய்தே ரோசாலி?”

“என்ன செய்ய? எம் மவளுக்கு என்னன்னு எனக்குத் தெரியல, பதறுது. ஆனா வார ஆளுக்குக் காப்பி கொடுக்கத் தெரியும்லா? அதைச் செய்யுதேன். பிரின்சி அவங்க பக்கத்துல உக்காந்து கணவா உரிக்கா. எங்கிட்ட பேசாதவ அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுதா. இன்னைக்கு மத்தியானம் ஒரு தட்டுச் சோறு தின்னா.”

காப்பியை எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை. பிரின்சி வந்து உட்கார்ந்ததும், அவளோடு நான்கு கணவாய் உரித்ததும் நினைவிருக்கிறது. அங்கிருந்து எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் என் கை இந்தப் பிள்ளைக்காகத்தானே வலிக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் வீட்டுக்கு நடந்தேன். நடை என்ன நடை, ஓட்டம்தான். பொன்மாரி, அருளப்பன், ரமீஸா டீச்சர், அப்புறம் அந்த இரண்டு பேர். ஒருத்தராவது தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா? எல்லாம் நானே பேசியது. ஐந்து பேரும் முதலில் கேட்டது என் மகளைத்தான்.

நித்திலா மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்திருந்தாள். நான் அவளை நின்று பார்த்தேன். மைதானத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. இந்த உடம்பு என் அணியில் இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே இவளைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

“நித்திலா, என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்லப்பா.”

“யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்ல.”

“பரீட்சையா? அம்மாவைத் தேடுதா?”

“அம்மாவை எப்பமும்தான் தேடும். அது இல்லப்பா.” எழுந்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “சும்மா அழுகை வருது. திங்கப் பிடிக்கல, உறங்க முடியல. காரணம் இருந்தா சொல்லமாட்டேனா? காரணமே இல்ல. அதான் எப்படிச் சொல்லன்னு தெரியல.”

காரணம் இல்லாமல் எப்படி அழுகை வரும் என்று கேட்க என் வாய் திறந்துவிட்டது. நல்லவேளை, அவள் முந்திக்கொண்டாள்.

“அருளப்பன் தாத்தா காரணம் கேக்கல.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல? நான் இந்த வீட்லதானே இருக்கேன்?”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“உங்க கை வலிச்சா நீங்க தெருத்தெருவாப் போய்த் தேடுவீய. என்னைப் பாத்தா உங்களுக்கு வலிக்கல. வலிக்காத ஆளுகிட்டப் போயி என்ன சொல்ல?”

இந்த நோவுமணி வருவதற்கு முந்தைய காலத்து அப்பாக்கள் எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. அவர்களுக்கும் கண்டுபிடிக்கத் தெரியாமல்தான் இந்தத் திட்டமே வந்தது என்கிறார்கள். ஆனால் கையில் வலி இல்லை என்பதை நம்பி அவர்கள் நிம்மதியாக இருந்திருக்கமாட்டார்கள். நான் இருந்தேன். ஊரான் பிள்ளையின் அரை நொடித் தாமதம் தெரிந்த எனக்கு, என் பிள்ளையின் வலி என் மணிக்கட்டுக்கு வராததால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று தோன்றிவிட்டது.

போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அப்படியே பாசிப் பண்ணைக்குப் போனேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கயிறுகளில் காய்ந்த பாசியைப் பொன்மாரி உருவி எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் வலது கையால். இடது கையைப் புடவை முந்தானையில் சுற்றி வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள். என் வலி வாளி தூக்கிய வலி. அவளுக்கு அந்தக் கை வேலைக்கே ஆகவில்லை. அதுவும் ஏழில் ஒரு பங்குதான். மீதி ஆறு பங்கையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.

“போர்டைக் கழட்டிட்டேன் பொன்மாரி.”

“சந்தோஷம் அண்ணாச்சி.”

“நித்திலாவுக்கு...”

“பேரு சொல்லாதீங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுதுன்னா எம் பங்கை வேற ஆளுக்கு மாத்திருவாங்க.”

“நீ செலக்‌ஷனுக்காக வந்தேன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிரும்மா.”

அவள் இவ்வளவு வலியிலும் வாய்விட்டுச் சிரித்தாள். “எங்க அக்கா மவ ஆடுத ஆட்டத்துக்கு நானே அவளை எடுக்கமாட்டேன். உங்களுக்கு நெனப்புத்தான்!”

கூடையை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு கயிறு முடிந்தது. என் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டு நின்று எனக்குப் பழக்கமில்லை.

“நாளைக்கு வீட்டுக்கு வாரியா பொன்மாரி?”

“எதுக்கு?”

“சும்மா.”

“வாரேன். ஆனா நான் வாரப்ப நீங்க வீட்ல இருக்காதீங்க அண்ணாச்சி. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எப்படி?”

“நான் எங்க போவ?”

“உங்க கைக்கும் ஒரு பிள்ளை இருக்கும்லா? அங்க போயி உக்காருங்க.”

அருளப்பன் வீட்டுக்கும் ரமீஸா டீச்சர் வீட்டுக்கும் மற்ற இரண்டு வீடுகளுக்கும் அன்றே போனேன். யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. கழற்றிய போர்டைக் கையில் வைத்திருந்தேன், அதைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். அருளப்பன் மட்டும் ‘பட்டன் எல்லாம் தீந்துபோச்சு தம்பி, இனிமே பேண்ட்டுதான்’ என்றார்.

சனிக்கிழமை தேர்வு நடந்தது. பொன்மாரியின் அக்கா மகளை எடுக்கவில்லை. பிரின்சியை எடுத்தேன், ஆனால் ஒரு மாதம் ஓய்வு என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். பொன்மாரி ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள், அதற்கு அடுத்த வாரமும் வந்தாள். ரமீஸா டீச்சர் காலையில் நித்திலாவைக் கடல் சுவர் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். ஒரு நாள் நடையை நலநிலையம் வரைக்கும் நீட்டி, அங்கிருந்த டாக்டரிடம் பேச வைத்துக் கூட்டிவந்தார். சுயம்புக்கனி கோபுரத்திலிருந்து தினமும் பேசினாள். மகளிடம் என்ன பேசினாள் என்று தெரியாது. என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது, அவ்வளவும் எனக்குத் தேவைதான். நான் மாலை நேரங்களில் ரோசாலி வீட்டில் கணவாய் உரித்தேன். இப்போது மைப்பையை உடைக்காமல் எடுக்கத் தெரியும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை, நான் திரும்பி வரும்போது பொன்மாரி எங்கள் வீட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கக் கூடாது, அவளும் எதுவும் சொல்லக் கூடாது. காலிப் பாத்திரத்தை இடது கையில் தூக்கினாள். நான்கு எட்டு நடந்த பிறகு வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். நான்கு எட்டு. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்தவள் கையைப் பார்த்து என் மகளைத் தெரிந்துகொள்வது எனக்குப் போதும் என்று தோன்றவில்லை. உள்ளே போனேன். நித்திலா சன்னல் பக்கத்தில் அல்வா தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?”

அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பார்த்தாள். “என்னப்பா, உங்களுக்கு வலிக்குதா?”

“இல்ல. வலிக்கல. இருந்தாலும் கேக்கேன்.”

கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தாள். நான் காத்திருந்தேன்.

“இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லப்பா. நாளைக்கு எப்படி இருக்கும்னு தெரியாது.”

“சரிம்மா,” என்றேன். “நாளைக்கும் கேக்கேன்.”